பாட்டில் மாறினா மருந்து மாறிடுமா?

கடைப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஓசூர் சிப்காட்ல நமக்கு ஆணி கொஞ்சம் அதிகம், அதுல ஷிப்டு வேற மாறி மாறி வருது. வழக்கமா சினிமா, சாப்பாடு, மொக்கைன்னு ஓட்டுற கடையில இன்னிக்குப் பூச்சிமருந்து பத்தி ஒரு பதிவு. பயந்து ஓடிடாதீங்க. தக்காளிச் சட்னி சாப்பிடற எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட மேட்டர்தான்.

போன பங்குனியில ஒரு நாள் சித்தப்பா போன் பண்ணினார். "டேய், லீவு இருந்தா வந்துட்டுப் போடா. தோட்டம் முடிஞ்சு போச்சு" அப்படின்னார். சித்தப்பா இப்படியெல்லாம் பேசற ஆளு இல்ல. ராத்திரி ஷிப்டு முடிச்ச கையோட வண்டியை எடுத்துட்டு ராயக்கோட்டைக்கு விட்டேன்.

ஒண்ணேகால் ஏக்கர் தக்காளி. குச்சி நட்டு, கம்பி இழுத்து, சொட்டுநீர் போட்டு, மல்ச்சிங் ஷீட் விரிச்சு, சித்தியோட வளையலை அடகு வச்சு வளர்த்த தோட்டம். போய்ப் பார்த்தா இலையெல்லாம் நெருப்புல வாட்டின மாதிரி. இலையைப் பிடிச்சு வெளிச்சத்துல பார்த்தா ரெண்டு தோலுக்கும் நடுவுல பச்சையைத் தின்னுட்டு ஒரு புழு ஹாயா படுத்திருக்கு. காயில குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. முதல் நாள் மண்டியில கிரேடைக் கவுத்துப் பார்த்துட்டு "ஓட்டைக் காய்"னு பாதியை ஒதுக்கிட்டாங்களாம்.

"மருந்து அடிக்கலியா சித்தப்பா?"

"அஞ்சு தடவை அடிச்சாச்சு. ஒரே மருந்தை அடிக்கக் கூடாதுன்னு சொல்றாங்களேன்னு மாத்தி மாத்தித்தான் அடிச்சேன். எல்லாம் டூப்ளிகேட்டுடா."

அப்படிச் சொல்லிட்டுத் திண்ணைக்கு அடியில இருந்து நாலு காலி பாட்டிலை எடுத்து வச்சார். நாலும் நாலு கலரு, நாலு பேரு. ஒண்ணுல புலி மாதிரி படம், இன்னொண்ணுல மின்னல். பேரெல்லாம் தெலுங்குப் பட வில்லன் பேரு மாதிரி இருந்துச்சு.

நமக்குக் கம்பெனியில தரப் பரிசோதனை வேலை. எதையும் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறது தொழில் வியாதி. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு அந்த எறும்பு சைஸ் எழுத்தைப் படிச்சேன்.

முதல் பாட்டில்: குளோரான்ட்ரனிலிப்ரோல். ரெண்டாவது பாட்டில், வேற கம்பெனி, வேற பேரு: அதே குளோரான்ட்ரனிலிப்ரோல். நாலாவது பாட்டில்: குளோரான்ட்ரனிலிப்ரோல் கூட லாம்ப்டா சைஹலோத்ரின் கலந்தது. மூணாவது மட்டும் ஃப்ளூபென்டியமைடுன்னு வேற பேரா இருந்துச்சு.

"சித்தப்பா, மூணு பாட்டில் ஒரே மருந்து. இது ஒண்ணுதான் வேற"ன்னு பெரிய மேதாவி மாதிரி தீர்ப்புச் சொன்னேன். அப்புறம் ஒரு சந்தேகத்துல, வேளாண்மை படிச்ச நண்பர் ஒருத்தருக்குப் போட்டோ அனுப்பினேன். அவர் சிரிச்சுட்டார். "அந்த மூணாவதும் அதே குடும்பம்தான்யா. நாலுமே 28-ஆம் நம்பர். உங்க சித்தப்பா அஞ்சு தடவையும் ஒரே அடியைத்தான் அடிச்சிருக்காரு."

நானே ஏமாந்துட்டேன். லேபிளைப் படிச்ச நானே. அப்ப, மண்டிக்குக் காய் ஏத்திட்டு, வர்ற வழியில கடையில நின்னு "புழுவுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வர்ற மனுஷன் என்ன செய்வாரு? இந்தப் பதிவு எழுதக் காரணம் அந்தக் கேள்விதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எங்க ராயக்கோட்டைக்கு ரெண்டு அடையாளம். ஒண்ணு, 1791-ல மைசூர்ப் போர்ல வெள்ளைக்காரன் திப்புகிட்ட இருந்து பிடிச்ச மலைக்கோட்டை. இன்னொண்ணு தக்காளி மண்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்துல எங்க பக்கம், அந்தாண்ட பாலக்கோடு, எல்லை தாண்டினா கோலார்னு இந்த வட்டாரமே வருஷம் பூரா தக்காளி போடற பூமி. 2023 ஜூலையில கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்ப நாடே எங்களைத் திரும்பிப் பார்த்துச்சு. விலை விழுந்து ரோட்டோரம் கொட்டுறப்ப ஒருத்தரும் பார்க்கறதில்ல. அது தனிப் பதிவு.

வருஷம் பூரா தக்காளின்னா புழுவுக்கு வருஷம் பூரா கல்யாண விருந்து. முன்னாடி எங்களுக்குக் காய்ப்புழுவும் வெள்ளை ஈயும்தான் எதிரி. இப்ப வந்திருக்கற இந்த ஊசிப்புழு தென் அமெரிக்காக்காரன். விஞ்ஞானப் பேரு டூட்டா அப்சொலூட்டா. 2006-ல ஸ்பெயினுக்குள்ள நுழைஞ்சு, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாம் சுத்திட்டு 2014-ல மகாராஷ்டிராவுல கால் வச்சது. கொஞ்ச காலத்துல கர்நாடகா, தமிழ்நாடுன்னு பரவிடுச்சு. ஒரு தாய் அந்துப்பூச்சி 260 முட்டை வரைக்கும் வைக்குமாம். வெயில் காலத்துல நாலு வாரம் போதும், முட்டையில இருந்து அடுத்த முட்டைக்கு வந்துடும். வருஷத்துக்கு 10, 12 தலைமுறை. எங்க தாத்தாவுல இருந்து எனக்கு வர்றதுக்கு அறுபது வருஷம் ஆச்சு. நாத்து நட்டு, காய் எடுத்து, செடியைப் பிடுங்கிப் போடறதுக்குள்ள புழு நாலு தலைமுறை பார்த்துடும்.

இங்கதான் விஷயம் இருக்கு. "புழு மருந்துக்குப் பழகிடுச்சு"ன்னு ஊர்ல சொல்வாங்க. குடிகாரனுக்கு ஒரு குவாட்டர் பத்தாம அரை ஆகற மாதிரின்னு நானும் நினைச்சிருந்தேன். அது தப்பு. எந்தப் புழுவும் பழகறதில்ல. பேச்சுக்கு, லட்சம் புழுவுல ஒண்ணுக்குப் பிறவியிலயே அந்த மருந்து ஏறாதுன்னு வச்சுக்குங்க. மருந்து அடிச்சதும் மத்ததெல்லாம் செத்துப் போச்சு. அந்த ஒண்ணும் அதோட சொந்தக்காரங்களும் மட்டும் மிச்சம். சாப்பிடப் போட்டிக்கு ஆள் இல்ல, கல்யாணம் கட்ட அவங்களுக்குள்ளேயே ஜோடி. அடுத்த மாசம் அவங்க பிள்ளைங்க. மறுபடி அதே மருந்தை அடிச்சா மறுபடி அதே சல்லடை. நாலாவது சலிப்புல தோட்டம் பூரா மருந்து ஏறாத புழுதான். அதாவது அந்தப் புழுக்களைப் பொறுக்கி எடுத்து வளர்த்து விட்டது நாமதான்.

28-ஆம் நம்பர் குடும்பத்துக்கு டையமைடுன்னு பேரு. புழுவோட தசைக்குள்ள கால்சியத்தைத் திறந்து விடற ஒரு கதவு உண்டு. இந்த மருந்து அந்தக் கதவைத் திறந்தபடி மாட்டி வச்சிடும். தசை இழுத்துக்கும், வாய் அசையாது, தின்ன முடியாம புழு செத்துடும். மனுஷனுக்கு விஷத்தன்மை குறைவு, அதனால குளோரான்ட்ரனிலிப்ரோல் பாட்டில்ல பச்சை முக்கோணம்தான் இருக்கும். அருமையான மருந்து. ஆனா அந்தக் கதவுல ஒரு குறிப்பிட்ட இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிட்டா மருந்து சரியா ஒட்டாது. ஃப்ளூபென்டியமைடும் கிட்டத்தட்ட அதே இடத்துல ஒட்டற ஆளு. அதனால ஒண்ணு வேலை செய்யலைன்னா இன்னொண்ணும் தடுமாறும். பிலிப்பைன்ஸ்லயும் தாய்லாந்துலயும் முட்டைக்கோஸ் புழுவுல இந்த மாற்றத்தை 2012-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அங்க மருந்து வந்து சில வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 2015-ல இத்தாலியில நம்ம ஊசிப்புழுவே டையமைடுக்கு மசியாததுன்னு ஆய்வு வந்தது. 2021-ல நம்ம நாட்டு ஆய்வு ஒண்ணு. கோலார், சேலம், மதனப்பள்ளின்னு பல இடத்துல ஊசிப்புழுவைப் பிடிச்சுச் சோதிச்சதுல ஃப்ளூபென்டியமைடு, சயான்ட்ரனிலிப்ரோல், இன்டாக்சாகார்ப் மூணுக்கும் நல்லாவே எதிர்ப்பு தெரிஞ்சுது. கோலார் எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. அந்துப்பூச்சிக்குச் செக்போஸ்ட்டும் கிடையாது.

அது என்ன நம்பர்னு கேட்பீங்க. பூச்சிமருந்துக் கம்பெனிகளே சேர்ந்து 1984-ல சர்வதேச அளவுல ஒரு குழு அமைச்சாங்க. ஐராக்னு சுருக்கமா சொல்வாங்க. மருந்து பூச்சியோட உடம்புல எந்த இடத்துல வேலை செய்யுதோ அதை வச்சு ஒரு நம்பர். தக்காளிக்காரங்க வாயில அடிபடற சிலது மட்டும் இங்க:

1பி: புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ்
3ஏ: சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின்
4ஏ: இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம்
5: ஸ்பினோசாட்
6: எமாமெக்டின் பென்சோயேட், அபாமெக்டின்
22ஏ: இன்டாக்சாகார்ப்
28: குளோரான்ட்ரனிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு, சயான்ட்ரனிலிப்ரோல்

(இதைப் பார்த்துட்டு நேரா கடைக்குப் போய் வாங்கிடாதீங்க சாமிகளா. எந்தப் பயிருக்கு எதுக்கு அனுமதி, எத்தனை மில்லி, அடிச்சு எத்தனை நாள் கழிச்சுக் காய் எடுக்கலாம்னு லேபிள்ல இருக்கறதுதான் கணக்கு.)

எங்க கம்பெனியில ஒரு போல்ட்டுக்குக் கூட பார்ட் நம்பர் உண்டு. சப்ளையர் மாறலாம், டப்பா கலர் மாறலாம், பார்ட் நம்பர் மாறாது. லைன்ல நிக்கற புதுப் பையன் கூட நம்பரைப் பார்த்து எடுத்து மாட்டிடுவான். அவன்கிட்ட போய், அந்த போல்ட்டு என்ன உலோகம், என்ன கலவைன்னு படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு எடுடான்னா லைன் நின்னுடும். விவசாயிகிட்ட நாம அதைத்தான் சொல்லிட்டு இருக்கோம். குளோ..ரான்ட்..ரனி..லிப்..ரோல். பட்டதாரி நானே மூச்சு விட்டு மூச்சு விட்டுப் படிக்கிறேன் :-)

இதுல இன்னொரு சிக்கல் 2022-ல சேர்ந்துச்சு. அந்த ஆகஸ்ட்ல குளோரான்ட்ரனிலிப்ரோலோட காப்புரிமை நம்ம நாட்டுல முடிஞ்சது. அதுவரைக்கும் அது சிலர் கையில மட்டும் இருந்த விலை கூடின மருந்து. அதுக்கப்புறம் பல கம்பெனிங்க பல பேர்ல இறக்கினாங்க. விலை இறங்கினது விவசாயிக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரே மருந்துக்குப் பேரு பெருகப் பெருக, "மாத்தி அடி"ங்கற அறிவுரைக்கு அர்த்தமே போச்சு. சித்தப்பா அறிவுரையைக் கேட்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. அட்சரம் பிசகாம கேட்டாரு. பேரை மாத்தி மாத்தி அடிச்சாரு.

"இவ்வளவு படிச்ச உலகத்துக்கு இது முன்னாடியே தெரியாதா?"ன்னு கேட்கறீங்களா? நூறு வருஷத்துக்கு மேலயே தெரியும். 1914-ல மெலண்டர்னு ஒரு அமெரிக்கப் பூச்சியியல்காரர், பூச்சி மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்குமான்னு கேட்டுக் கட்டுரையே எழுதினார். அப்ப டி.டி.டி கூட வரல. சுண்ணாம்பு கந்தகக் கரைசலுக்கே வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டத்துச் செதில்பூச்சி சாகாம நின்னுச்சு.

நமக்குக் கிட்டத்துல ரத்தம் காய்ந்த உதாரணம் ஆந்திரா. 1980 வாக்குல சிந்தெடிக் பைரித்ராய்டு வந்தப்ப பருத்திக்காரங்களுக்கு அது அமிர்தம். அடிச்சா காய்ப்புழு உடனே கொட்டும். 1987-ல குண்டூர், பிரகாசம் பக்கம் அதே புழு அதே மருந்துக்குக் கொட்டல. மறுபடி அடிச்சாங்க, கடனுக்கு வாங்கி அடிச்சாங்க, கலந்து அடிச்சாங்க. பயிரும் போச்சு, கடன் மட்டும் நின்னுச்சு. பிரகாசம் மாவட்டத்துல பருத்தி விவசாயிகள் தற்கொலை பண்ணிக்கிட்ட செய்தி நாட்டையே உலுக்கினது அப்பத்தான்.

அதே புழு, அதே மருந்து, ஆஸ்திரேலியாவுல வேற மாதிரி போச்சு. 1983 ஜனவரியில குயின்ஸ்லாந்துல எமரால்டுங்கற இடத்துல எதிர்ப்பு தெரிஞ்சுது. அடுத்த சீசனுக்குள்ள ஆராய்ச்சியாளர், கம்பெனி, விவசாயி எல்லாரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாங்க. சீசனைத் துண்டு துண்டாப் பிரிச்சு, பைரித்ராய்டை நடுவுல சுமார் ஆறு வாரத்துக்கு மட்டும் அடிக்கணும், மத்த நாள்ல தொடக் கூடாது. பருத்திக்கு மட்டும் இல்ல, அந்தப் புழு தின்னுற மத்த பயிருக்கும் சேர்த்து. எதிர்ப்பு ஒழிஞ்சுடல, ஆனா பல வருஷம் தள்ளிப் போச்சு. சட்டம் போட்டுச் செய்யல, பேசி வச்சுச் செஞ்சாங்க. அந்த ஊர்ல மருந்து லேபிளோட தலையிலயே குரூப் நம்பரைக் கட்டம் கட்டிப் பெரிசாப் போட்டிருப்பாங்க.

நாம செய்யாமலும் இல்ல. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்துல கேசவ் கிராந்தி போன்ற விஞ்ஞானிகள் எதிர்ப்பு மேலாண்மைக்கு வழிமுறை வகுத்து, 2002-ல இருந்து பருத்தி மாநிலங்கள்ல கிராமம் கிராமமாக் கொண்டு போனாங்க. முதல்ல சாறு உறிஞ்சற பூச்சிக்கு அவசரப்பட்டு அடிக்காதே, நன்மை செய்யற பூச்சியைக் காப்பாத்து, எந்த மருந்தை எந்தக் கட்டத்துலன்னு வரிசை வை. அதே 2002-ல பி.டி. பருத்தியும் வந்ததால காய்ப்புழு மருந்து குறைஞ்சதுக்கு யாரு காரணம்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஆனா அந்த பி.டி.க்கும் என்ன ஆச்சு? குஜராத் அம்ரேலியில 2008-ல எடுத்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதுக்கு மசியல, 2010-ல கம்பெனியே ஒத்துக்கிச்சு. விதைக்குள்ள வச்சாலும் சரி, டேங்க்ல கரைச்சாலும் சரி, ஒரே அடியைத் தொடர்ந்து அடிச்சா கதை அதேதான்.

இப்ப என் கருத்து.

எங்க ஊர் ஏரியில தண்ணி ஒருத்தருக்குச் சொந்தம் இல்ல. நான் ராத்திரியோட ராத்திரியா மோட்டார் போட்டு உறிஞ்சினா அடுத்த தோட்டம் காயும். அதனால முறை வச்சுப் பாய்ச்சறோம். புழு ஒரு மருந்துக்குச் சாகும்ங்கறதும் அதே மாதிரி ஒரு பொதுச் சொத்துதான். அது தீர்ந்து போற சரக்கு. சித்தப்பா அஞ்சு தடவை அடிச்சதுல அவர் தோட்டத்து இருப்பு மட்டும் குறையல, பக்கத்துத் தோட்டத்து இருப்பும் குறைஞ்சுது. பக்கத்துத் தோட்டக்காரர் அடிச்சதுல இவரோடது குறைஞ்சுது. ஏரித் தண்ணிக்கு முறை வைக்கத் தெரிஞ்ச ஊருக்கு மருந்துக்கு முறை வைக்கத் தெரியாதா? தெரியும். ஆனா எந்தத் தண்ணி எதுன்னு கண்ணுக்குத் தெரியணும்ல. அதுக்குத்தான் நம்பர்.

ஆகவே எனக்கு மூணு ஆசை.

முதல் ஆசை, பாட்டில் முகப்புல அந்த நம்பர். முக்கோணம் இருக்கற மாதிரியே, அதே சைஸ்ல. 1968-ல பூச்சிமருந்துச் சட்டம், 1971-ல விதிகள்னு போட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணத்தை நாடு பூரா கொண்டு வந்துட்டோம். படிக்காத பெரியவங்களுக்குக் கூட சிவப்புன்னா கடும் விஷம்னு தெரியும். மனுஷனுக்கு எவ்வளவு விஷம்னு கலர்ல சொல்லத் தெரிஞ்ச நமக்கு, புழுவுக்கு எந்த வழி அடின்னு நம்பர்ல சொல்ல எவ்வளவு நேரமாகும்? கலவை மருந்துன்னா ரெண்டு நம்பர். 28 கூட 3ஏ. அவ்வளவுதான். சித்தப்பாவோட நாலு பாட்டில்லயும் முகப்புல அப்படி ஒண்ணு என் கண்ணுல படல.

ரெண்டாவது ஆசை, கடை பில்லுல அந்த நம்பர். போன தடவை 28 வாங்கினேன், இந்தத் தடவை 28 வேண்டாம்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு போதும். கடைக்காரரைத் திட்டறதுக்காகச் சொல்லல. எங்க பக்கம் பல பேருக்கு அவர்தான் டாக்டர், அவர்தான் கடன் குடுக்கறவர். சரியான ஆயுதம் அவர் கையில இருக்கட்டும்.

மூணாவது ஆசைதான் பெரிசு. ஊர் அளவுல முறை. ஊசிப்புழுவோட ஒரு தலைமுறை சுமார் ஒரு மாசம். இந்த மாசம் 28-ன்னா அடுத்த மாசம் ஊர்ல யாரும் 28 தொடக் கூடாது. ஐராக் சொல்றதும் அதுதான்: ஒரு பயிர்க் காலத்துல பாதி நாளுக்கு மேல டையமைடு இருக்கக் கூடாது. பையூர் ஆராய்ச்சி நிலையம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு, பெங்களூரு ஹெசரகட்டா ஐ.ஐ.எச்.ஆர் ஒரு நாள்ல போய்ட்டு வர்ற தூரம். மாசா மாசம் எங்க புழுவைப் பிடிச்சுச் சோதிச்சு "இந்த மாசம் இந்த நம்பர்"னு மண்டி வாசல் போர்டுல எழுதிப் போட்டா என்ன? விலைப் பட்டியலைப் பார்க்க தினமும் அத்தனை பேரும் அங்கதான் நிக்கறாங்க.

கூடவே ஒண்ணு. விலை விழுந்தா பறிப்புக் கூலி கட்டாதுன்னு தோட்டத்தை அப்படியே விட்டுடறோம். நானும் குறை சொல்ல மாட்டேன், கையில இருந்து கூலி குடுத்து யாரு பறிப்பா? ஆனா அந்த விட்ட தோட்டம்தான் சுத்துவட்டாரத்துக்கே புழுப் பண்ணை. மருந்து ஏறாத புழுவும் அங்க நிம்மதியாப் பெருகி அடுத்த தோட்டத்துக்குப் பறக்கும். அந்தச் செடியைப் பிடுங்கி மடக்கி உழ ஏக்கருக்கு ஒரு தொகையை அரசாங்கம் குடுத்தா, அது எந்தப் பூச்சிமருந்து மானியத்தை விடவும் லாபம்னு நான் நினைக்கிறேன்.

இப்ப வழக்கமா வர்ற கேள்விகள்.

"டோஸை ஏத்தி அடிச்சா சாகாதா?" கதவே மாறிப் போன புழுவுக்கு ரெட்டிப்பு ஊத்தினாலும் காசுதான் போகும். நடுவுல சாகறது நமக்காக வேலை செய்யற பூச்சிங்க. நெசிடியோகோரிஸ்னு ஒரு பச்சைப் பூச்சி, கொசு சைஸ்தான், ஊசிப்புழு முட்டையையும் குஞ்சுப் புழுவையும் உறிஞ்சித் தள்ளும். சம்பளமே கேட்காத கூலியாள் அது. 3ஏ வகையை ஊத்தினா முதல்ல சாகறது அதுதான்.

"நாலஞ்சைக் கலந்து ஒரே டேங்க்ல அடிச்சா?" எல்லா நம்பரையும் ஒரே நாள்ல செலவு பண்ணிட்டா அடுத்த மாசத்துக்கு என்ன மிச்சம்? மூக்கைக் கட்டாம அடிக்கற கூலியாள் உடம்பு வேற இருக்கு.

"பேசாம இயற்கை விவசாயத்துக்கு மாறிட வேண்டியதுதானே?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும் :-) எனக்கு அதுல மரியாதை உண்டு, கிண்டல் பண்ணல. ஆனா புழுவுக்கு இயற்கை, செயற்கைன்னு பேதம் கிடையாது. பி.டி.ங்கற மண் பாக்டீரியாவைத் தெளிச்ச ஹவாய்த் தோட்டத்துல அதுக்கே எதிர்ப்பு வந்த முட்டைக்கோஸ் புழுவை 1990-லயே பதிவு பண்ணியிருக்காங்க. எதையுமே ஒத்தையா நம்பாம இருக்கறதுதான் பாடம். இனக்கவர்ச்சிப் பொறி வச்சு அந்து வருதான்னு பார்க்கலாம். புழு விழுந்த இலையைக் கிள்ளி எடுத்துப் புதைக்கலாம். காய்ப்புழுவுக்கு ஐ.ஐ.எச்.ஆர் சொன்ன, 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைக்கற முறை இருக்கு. பூவுக்குப் பேர் போன எங்க பக்கத்துல செண்டுமல்லி நாத்துக்கா பஞ்சம்? தக்காளி மேல தக்காளி போடாம நடுவுல ஒரு கேழ்வரகு போடலாம். மருந்து கடைசி ஆளாத்தான் களத்துல இறங்கணும்.

சித்தப்பா கதைக்கு வருவோம். நண்பர் சொன்னபடி 28-ஐ நிறுத்தினோம். ரெண்டு நாள் வீட்டு ஆளுங்களே இறங்கி, தின்ன இலையையும் விழுந்த காயையும் மூட்டை மூட்டையாப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைச்சோம். பொறி வச்சோம். வேற நம்பர்ல ஒரே ஒரு தடவை அடிச்சோம். அதிசயம் எல்லாம் நடக்கல. பிந்தின காய்ல கொஞ்சம் தேறுச்சு, போட்ட காசுல பாதி கூட திரும்பல. வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு. செடியைப் பிடுங்கினதும் உழுதுட்டு ஆடியில கேழ்வரகு விதைச்சாரு.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கு. போன மாசம் போனப்ப மாட்டுக் கொட்டாய்ச் சுவத்துல கரியால 28, 6, 5, 22ஏ-ன்னு எழுதி, பக்கத்துல தேதி போட இடம் விட்டு வச்சிருந்தாரு. "என்ன சித்தப்பா, லாட்டரி நம்பரா?"ன்னேன்.

"போடா இவனே. பேரு எவன் வேணா வைப்பான். இனி நம்பர் சொன்னாத்தான் காசு"ன்னார்.

கரியால ஒரு மனுஷன் சுவத்துல எழுதற வேலையை, அச்சடிக்கிற மிஷின் வச்சிருக்கறவங்க பாட்டில்ல செய்யக் கூடாதான்னுதான் கேட்கிறேன். அவ்வளவுதாங்க.

உங்க ஊர்ல எப்படி? பருத்தி, கத்திரி, மிளகாய் போடற வீட்டுப் பிள்ளைங்க இங்க நிறைய பேரு பொட்டி தட்டிட்டு இருக்கீங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப திண்ணைக்கு அடியில கிடக்கற காலி பாட்டிலைத் திருப்பிப் படிச்சுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. எத்தனை பேரு, எத்தனை நம்பர்னு பார்ப்போம்.

டிஸ்கி: நான் பூச்சியியல் படிச்சவன் இல்ல, போல்ட்டு எண்ணறவன். என்ன அடிக்கறதுன்னு என்னைக் கேட்காதீங்க, உங்க ஊர் தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்க. காலி பாட்டில்ல தண்ணி பிடிச்சு வைக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க. சித்தப்பா வீட்டுப் பாட்டிலை நானே ஓட்டை போட்டுட்டுத்தான் வந்தேன்.